பசும்பாதைகளில் மோட்டார் வாகனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து, வேல்ஸ் கிராமப்புறங்களில் தார் காணாத பழைய வண்டிப்பாதைகளில் ஃபோர் வீல் டிரைவ் வாகனங்களும் டிரெயில் மோட்டார் சைக்கிள்களும் செல்லலாமா என்பது பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு. நாடாளுமன்றம் அதற்கென்று சட்டமே இயற்றியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அங்கே குடியேறி வார இறுதியில் மலைப்பக்கம் போகும் தமிழர்களும், தொலைவிலிருந்து இச்செய்திகளைப் படிப்பவர்களும் எழுப்பக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

பசும்பாதை என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் இருபுறமும் வேலியோ கல்சுவரோ நிற்க, நடுவே புல்லும் மண்ணும் உடைகல்லுமாகக் கிடக்கும் பழைய வழியை அந்நாட்டார் ‘கிரீன் லேன்’ என்கிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் சந்தைக்கு மாடுகளை ஓட்டிவந்த மந்தைவழிகள், பொதிக்குதிரைகள் சென்ற மலைத்தடங்கள், மடாலயங்கள் தங்கள் நிலங்களுக்குப் போட்ட பாதைகள், பொதுநிலங்களைப் பங்கிட்டு வேலியடைத்த காலத்தில் அளந்து விட்ட சாலைகள் என்று இவற்றின் பிறப்பு பலவகை. யார்க்‌ஷயர் டேல்ஸில் கில்ன்ஸியையும் மால்ஹாமையும் இணைக்கும் மாஸ்டைல்ஸ் லேன், ஃபவுண்டன்ஸ் மடாலயத்துத் துறவிகள் தங்கள் ஆட்டுமந்தை நிலங்களுக்குச் சென்ற வழி.

ஆனால் ‘பசும்பாதை’ என்ற பெயருக்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாதைகளில் ஒன்றில் நடப்பவருக்கு மட்டுமே உரிமை இருக்கலாம். மற்றதில் லாரியே போகலாம். நேரில் நின்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

மாட்டுக்கும் குதிரைவண்டிக்கும் போட்ட பாதையில் மோட்டாருக்கு உரிமை எப்படி வந்தது?

ஆங்கிலப் பொதுச்சட்டம் வழியுரிமையை நடப்பவருக்கு, குதிரையில் செல்பவருக்கு, வண்டிக்கு என்று மூவகையாகப் பிரித்தது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனம் பெருகியபோது, அதுவும் வண்டியின் ஒரு வகையே என்று கொள்ளப்பட்டது. ஆகவே, குதிரைவண்டிக்குப் பொது உரிமை இருந்த பாதை எதுவாயினும் அங்கே மோட்டாருக்கும் உரிமை உண்டு என்றாயிற்று. 1801-ஆம் ஆண்டின் பொது வேலியடைப்புச் சட்டம், புதிதாக அளந்து விடும் பொது வண்டிச்சாலைகள் குறைந்தது 30 அடி அகலம் இருக்க வேண்டும் என்றது. அவற்றுள் சில பிற்காலத்தில் தார்ச்சாலை ஆயின. மற்றவை போக்குவரத்துக் குறைந்து புல் மண்டிப் போயின. புல் மண்டியதால் உரிமை மறைந்துவிடவில்லை. ‘ஒருமுறை பொதுவழி ஆனது என்றும் பொதுவழியே’ என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் விடாமல் பற்றியிருக்கும் கோட்பாடு.

இந்த உரிமைகளை ஏட்டில் ஏற்றும் வேலையை 1949-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம் கவுண்டி மன்றங்களிடம், அதாவது மாவட்ட உள்ளாட்சி அமைப்புகளிடம், ஒப்படைத்தது. அவை வழியுரிமை வரைபடங்களைத் தயாரித்தன. நடைவழி, குதிரைப்பாதை இவற்றோடு, ‘பொதுப் பாதையாகப் பயன்படும் சாலை’ என்று தெளிவில்லாத மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் வண்டி போகலாமா கூடாதா என்பதற்கு வரைபடம் விடை சொல்லவில்லை. பின்னாளில் எழுந்த வழக்குகளில் பெரும்பகுதிக்கு விதை அங்கேதான் போடப்பட்டது என்பேன். 1968, 1981-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இவற்றை மறுவகைப்படுத்தச் சொல்லின. வாகன உரிமை மெய்ப்பிக்கப்பட்டவை ‘எல்லாப் போக்குவரத்துக்கும் திறந்த பைவே’ என்று பதிவாயின. அந்த வகையின் சட்ட விளக்கமே சற்று விநோதமானது: வாகனங்களுக்கு உரிமை உள்ள, ஆனால் பொதுமக்கள் முதன்மையாக நடக்கவும் குதிரையில் செல்லவும் பயன்படுத்துகிற வழி.

ஒரு பாதைக்கு இருநூறு ஆண்டுப் பழைய வண்டியுரிமை இருக்கிறது என்பது, இரண்டு டன் எடையுள்ள வாகனத்தை அதன் மண் தாங்கும் என்பதற்குச் சான்று ஆகாது. உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி. பாதை தாங்குமா என்பது வேறொரு கேள்வி. சட்டமும் இவ்விரண்டுக்கும் தனித்தனி நடைமுறைகளையே வைத்திருக்கிறது. கூட்டங்களில் இரு தரப்பாரும் ஒன்றுக்கான சான்றை மற்றதற்குக் காட்டுவதால்தான் பேச்சு முடிவதில்லை.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் எதை மாற்றியது?

இயற்கைச் சூழல், ஊரகச் சமூகங்கள் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, வரைபடத்தில் பதிவாகாமல் இருந்த மோட்டார் உரிமைகளை ஒரே நாளில் அழித்தது. இங்கிலாந்தில் அந்நாள் 2006 மே 2. வேல்ஸில் அதே ஆண்டு நவம்பர் 16. தெளிவில்லாமல் கிடந்த அந்த மூன்றாவது வகைப் பாதைகள் முன்னரே 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தின்படி, இங்கிலாந்தில் அதே மே 2 அன்று, ‘கட்டுப்படுத்தப்பட்ட பைவே’ ஆயின. அவற்றில் நடக்கலாம், குதிரையிலும் சைக்கிளிலும் போகலாம், குதிரைவண்டியும் ஓட்டலாம், மோட்டார் கூடாது. அப்பாதை வழியாகத் தம் நிலத்துக்கோ வீட்டுக்கோ போய்வர வேண்டியவர்களின் தனி உரிமையைச் சட்டம் காப்பாற்றியது.

விதிவிலக்குகளும் இருந்தன. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மோட்டார் வாகனங்களே முதன்மையாகப் பயன்படுத்திய பாதை தப்பியது. மோட்டார் வாகனத்துக்கென்றே உருவாக்கப்பட்ட பாதையும், 1930 டிசம்பர் 1-க்கு முன்பே மோட்டார் ஓடி ஓடி உரிமை பெற்ற பாதையும் தப்பின. சாலையல்லாத நிலத்தில் மோட்டார் ஓட்டுவதை 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் குற்றமாக்கியதே அந்தத் தேதிக்குக் காரணம். குற்றமான செயலைத் திரும்பத் திரும்பச் செய்து உரிமை தேட முடியாது.

வழக்குகளுக்கு இடம் கொடுத்தது இன்னொரு விதிவிலக்கு. இங்கிலாந்தில் 2005 ஜனவரி 20-க்கு முன்பே பைவேயாகப் பதியக் கோரி விண்ணப்பித்திருந்தால் அப்பாதையின் மோட்டார் உரிமை பிழைக்கும். அப்படியானால் எது முறையான விண்ணப்பம்? உரிய வரைபடமும் ஆவண நகல்களும் இணைக்கப்படாதது விண்ணப்பமே ஆகாது என்று வின்செஸ்டர் கல்லூரி வழக்கில் 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கறாராகத் தீர்ப்பளித்தது. டார்செட்டில் ஐந்து விண்ணப்பங்களோடு இணைக்கப்பட்ட வரைபடங்கள், சிறிய அளவுகோலில் இருந்ததைக் கணினியில் பெரிதாக்கி 1:25,000 அளவுக்குக் கொண்டுவந்தவை. அவை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2015-ல் ஐந்து நீதிபதிகளுள் மூவர் செல்லும் என்றனர். கிராமத்துச் சேற்றுப்பாதை ஒன்றின் விதியை அச்சுப்பொறி தீர்மானிக்கும் நிலை வந்தது என்று சிலர் நகைத்தார்கள். நகைப்பில் நியாயம் உண்டு.

அப்படியானால் இப்போது மோட்டார் போகக்கூடிய மண்பாதைகள் எவை?

முதலாவது, வரைபடத்தில் பைவேயாகப் பதிவானவை. இங்கிலாந்தின் மொத்த வழியுரிமைப் பாதைகளின் நீளத்தில் இவை ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே. வழிகாட்டிக் கம்பத்தில் சிவப்பு அம்புக்குறி இருக்கும். கட்டுப்படுத்தப்பட்ட பைவேக்கு ஊதா, குதிரைப்பாதைக்கு நீலம், நடைவழிக்கு மஞ்சள்.

இரண்டாவது, வழியுரிமை வரைபடத்தில் இல்லாமல், மன்றம் தன் செலவில் பராமரிக்க வேண்டிய தெருக்களின் பட்டியலில் மட்டும் இடம்பெற்ற, வகைப்படுத்தப்படாத மண்சாலைகள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையும் விட்டுவைத்தது. ஆனால் அந்தப் பட்டியல் யார் பராமரிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. வாகனம் போகலாம் என்று உறுதி சொல்வதில்லை. எனவே, இன்றைய சச்சரவுகளில் கடுமையானவை பல இவ்வகைச் சாலைகளைப் பற்றியவை.

இரண்டு வகையிலும் ஊர்ச்சாலையில் உள்ள விதிகள் அனைத்தும் பொருந்தும்: ஓட்டுநர் உரிமம், காப்பீடு, பதிவெண் பலகை, தேவையான தகுதிச்சான்று. மண்பாதைதானே என்று எதையும் விட்டுவிட முடியாது.

வாகனங்கள் உண்மையிலேயே பாதையைக் கெடுக்கின்றனவா, அல்லது சத்தம் பிடிக்காதவர்கள் சொல்வதா?

கெடுக்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. பெரும்பாலான பாதைகளில் கடைசி வேலையைச் செய்வது தண்ணீர். ஈரமண்ணில் சக்கரம் பதிந்து சுழலும்போது மேற்புல் கிழிந்து தடம் பள்ளமாகிறது. அடுத்த மழைக்கு அந்தப் பள்ளமே வாய்க்கால். சரிவான பாதையானால் வேகமாய் ஓடும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போய், சில குளிர்காலங்களில் முழங்கால் ஆழ ஓடையாக்கிவிடும். பள்ளத்தைத் தவிர்க்கப் பின்னால் வருபவர் ஓரமாக ஓட்ட, பாதை அகன்று பக்கத்து நிலத்தை விழுங்குகிறது. பீட் எனப்படும் கரிமண் பூமியில் இது மிக மோசம். அந்த மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும், கரைய ஒரு பருவமே போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வடிகால் ஒழுங்காக இருக்கும் கல்பாவிய பாதையில் சில மோட்டார் சைக்கிள்கள் மெதுவாகப் போவதால் பெரிய கேடு வருவதில்லை. விவசாயிகளின் டிராக்டர், மரம் ஏற்றும் வண்டி, தண்ணீர் தேங்கிய இடத்தில் குதிரைக் குளம்பு ஆகியவையும் பாதையைக் கிழிக்கும். எனவே ‘வாகனமே காரணம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் மனு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். இந்தப் பாதையில், இந்தச் சரிவில், இந்தப் பருவத்தில் என்று அளந்து காட்டும் மனு நிற்கும்.

சத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. குறுகிய பாதையில் குட்டியோடு வரும் குதிரைக்கும், சுவரோரம் ஒதுங்க இடமில்லாத முதியவருக்கும், எதிரே வரும் மூன்று வாகனங்கள் வெறும் இடைஞ்சலோடு நின்றுவிடுவதில்லை.

மன்றங்கள் பழுதுபார்த்தால் தீராதா?

1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டப்படி, பொதுச்செலவில் பராமரிக்கப்பட வேண்டிய வழிகளைச் சீராக வைத்திருப்பது நெடுஞ்சாலை அதிகார அமைப்பின் கடமை. அது தவறினால் யாரும் அறிவிப்புக் கொடுத்து நீதிமன்றத்தை நாடலாம். ஓட்டுநர் அமைப்புகள் இதைத்தான் சொல்கின்றன: கெட்டுப்போனதற்குக் காரணம் பராமரிப்பின்மை, தடை அதற்கு மருந்தாகாது. பணம் எங்கே என்பதுதான் மன்றங்களின் பதில். பள்ளிப் பேருந்து போகும் தார்ச்சாலையின் குழியையே மூட முடியாத நிதிநிலையில், மலைமேல் கிடக்கும் மண்பாதை வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

பணம் கிடைத்தாலும் சண்டை ஓய்ந்துவிடுவதில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் ரஷப் எட்ஜ் என்ற மேட்டின் மேல் செல்லும் குதிரைப்பாதையை 2014-ல் டார்பிஷயர் மன்றம் உடைகல் கொட்டிச் சமன்படுத்தத் தொடங்கியது. மலைச் சைக்கிள்காரர்களும் மலையேறுவோரும் கூடி எதிர்த்தார்கள். இயற்கையான பாறைப்படிகள் சரளைக்கு அடியில் புதைந்ததுதான் அவர்கள் குறை. மோட்டாருக்கு உரிமையே இல்லாத பாதையில் நடந்த சண்டை அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பாதையில் மோட்டாரைத் தடுப்பது எப்படி?

உரிமையை அழிக்காமல், அதைப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்திவைக்கும் கருவி ‘போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஆணை’. 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நெடுஞ்சாலை அதிகார அமைப்பு இதைப் பிறப்பிக்கலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்கா ஆணையங்களுக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. பாதைக்குச் சேதம் வராமல் காப்பது, நடப்போருக்கும் குதிரைகளுக்கும் ஏற்ற அதன் இயல்பைக் காப்பது, இயற்கையழகைக் காப்பது ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். ஆனால் போக்குவரத்து தடையின்றி நடக்க வேண்டும் என்ற பொதுக் கடமையையும் அதே சட்டத்தின் 122-ஆம் பிரிவு சுமத்துகிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்ததற்கு ஏட்டில் சான்று இல்லாவிட்டால் ஆணை கவிழும். எதிர்ப்பவர்கள் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும்.

பீக் டிஸ்ட்ரிக்டின் சாப்பல் கேட் என்ற பாதை இதற்கு நல்ல பாடம். 2011-ல் பூங்கா ஆணையம் அங்கே சோதனை முறையில் தடை ஆணை பிறப்பித்தது. டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் என்ற மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அமைப்பு வழக்குத் தொடுக்க, 2012-ல் உயர் நீதிமன்றம் நடைமுறைப் பிழைகளுக்காக அதை ரத்து செய்தது. ஆணையம் சோர்ந்துவிடவில்லை, முறைப்படி கலந்தாய்வு செய்து 2014-ல் நிரந்தர ஆணையே பிறப்பித்தது. அதே ஆண்டில் ராய்ச், ஸ்டானேஜ் பாறைமுகட்டருகே உள்ள லாங் காஸ்வே ஆகிய பாதைகளுக்கும் தடை வந்தது. முதல் முறையே பொறுமையாகச் செய்திருந்தால் மூன்று குளிர்காலங்கள் மிச்சமாகியிருக்கும்.

ஆணை என்றாலே முழுத் தடை என்று பொருளல்ல. ஏவ்பரி அருகே ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் செல்லும் ரிட்ஜ்வே, 1973-ல் தேசிய நெடும்பாதையாகத் திறக்கப்பட்டது. அதில் மோட்டார் உரிமை மிஞ்சியிருக்கும் பகுதிகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, அதாவது மண் ஈரமாக இருக்கும் மாதங்களில், வாகனங்களுக்குத் தடை, கோடையில் போகலாம். வேறு சில இடங்களில் கம்பம் நட்டு அகலத்தைக் கட்டுப்படுத்தி, மோட்டார் சைக்கிளை விட்டு நான்கு சக்கர வாகனத்தை மட்டும் நிறுத்துகிறார்கள். பருவத்தடையே பெரும்பாலான பாதைகளுக்குப் போதும் என்பது என் எண்ணம். ஆனால் செங்குத்தான பீட் நிலத்துக்கு அது போதாது.

லேக் டிஸ்ட்ரிக்டில் ஏன் இவ்வளவு கசப்பு?

லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் லிட்டில் லாங்டேலிலிருந்து டில்பர்த்வைட் செல்லும் பாதையும் ஹை ஆக்ஸன் ஃபெல் பாதையும் மேலே சொன்ன தெருப்பட்டியல் வகை மண்சாலைகள். மரபிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பண்ணை நிலங்களுக்கு ஊடே, ஹெர்ட்விக் ஆடுகள் மேயும் சரிவுகளில் அவை செல்கின்றன. இணையத்தில் பாதைகளின் பட்டியலும் காணொளிகளும் பரவியபின், முன்பு உள்ளூராருக்கு மட்டுமே தெரிந்திருந்த தடங்களுக்கு வார இறுதிகளில் வரிசையாக வாகனங்கள் வந்தன. கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் செல்லும் தொழிலும் வளர்ந்தது. 2017-ல் லேக் டிஸ்ட்ரிக்ட் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தபோது, அந்தச் சிறப்புக்குக் காரணமான மேய்ச்சல் நிலவாழ்வையே இந்த வாகனங்கள் குலைக்கின்றன என்ற வாதம் வலுப்பெற்றது.

2019 அக்டோபரில் பூங்கா ஆணையம் தடை ஆணை வேண்டாம் என்றும், எல்லாத் தரப்பாரையும் சேர்த்துக் கூட்டாகப் பாதையை நிர்வகிக்கலாம் என்றும் முடிவெடுத்தது. தடை கோரியவர்கள் சாண்ட்ஃபோர்டு கொள்கையைக் காட்டினார்கள். இயற்கையைக் காப்பதற்கும் மக்கள் மகிழ்வதற்கும் இடையே இணக்கம் காணவே முடியாத முரண் எழுந்தால், காப்பதற்கே கூடுதல் எடை தர வேண்டும் என்பது அக்கொள்கை. 1974-ல் ஒரு குழு பரிந்துரைத்த அதை 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ‘இணக்கம் காணவே முடியாத’ என்ற நிலை வந்துவிட்டதா என்பதை மதிப்பிடும் பொறுப்பு ஆணையத்துடையது. அது தன் மதிப்பீட்டைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்திருக்கிறது என்று கூறி 2020-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆணையத்தின் முடிவு சரி என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. அம்முடிவை எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு என்பதே தீர்ப்பு. வென்றவர்களும் தோற்றவர்களும் இந்த வேறுபாட்டை மறந்தே பேசுகிறார்கள்.

சட்டத்தை மீறி ஓட்டுபவர்களை என்ன செய்யலாம்?

நடைவழியிலும் குதிரைப்பாதையிலும் கட்டுப்படுத்தப்பட்ட பைவேயிலும் அனுமதியின்றி மோட்டார் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி குற்றம். பிறருக்கு அச்சமோ தொல்லையோ தரும்படி ஓட்டப்படும் வாகனத்தைக் காவல் துறை கைப்பற்ற 2002-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பதிவெண் இல்லாத வண்டியில் முகமூடித் தலைக்கவசத்தோடு தப்பிப்போகும் இளைஞனைப் பிடிப்பது வேறு கதை. அவனுக்குத் தடை ஆணை ஒரு பொருட்டே அல்ல, ஆணைக்குக் கட்டுப்படுவோர் முன்பும் ஒழுங்காக ஓட்டியவர்களே என்று கிரீன் லேன் அசோசியேஷன் போன்ற ஓட்டுநர் அமைப்புகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயினும் டில்பர்த்வைட் போன்ற இடங்களில் குறை சட்டப்படி வருவோரின் எண்ணிக்கையைப் பற்றியது. அங்கே இந்த வாதம் பொருந்தாது.

நடக்க இயலாதவர்களுக்குத் தடை அநீதி ஆகாதா?

அவர்களுள் சிலர் அப்படித்தான் கருதுகிறார்கள். மலைமேட்டுக் காட்சியைக் காண வாகனமே தங்களுக்குக் கால் என்கிறார்கள். சட்டத்தின் பார்வையில், விதிகளுக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளர் மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதை நடைவழியிலும் ஓட்டலாம். அது கார் தரும் வசதியைத் தராது என்பதும் மெய். தடை ஆணைகளில் இவர்களுக்கென அனுமதிச்சீட்டு முறை சேர்ப்பது நியாயமான தீர்வு.

ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன?

தேசிய நிலப்பரப்புகள் பற்றிய மறுஆய்வு 2019-ல் வெளிவந்தபின், வகைப்படுத்தப்படாத மண்சாலைகளில் பொழுதுபோக்குக்காக மோட்டார் ஓட்டுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாமா என்று 2022-ல் அரசே பொதுமக்களிடம் கேட்டது. தடை கோரும் க்ளீம் போன்ற அமைப்புகள் இதற்காகத்தான் நெடுங்காலம் வாதாடுகின்றன. என் தயக்கம் இதுதான்: வலுவான கல்பாதையும் சதுப்புநிலப் பாதையும் ஒரே சட்டத்தில் ஒன்றாகிவிடும். உரிமை மிஞ்சியிருக்கும் பாதைகள் ஏற்கெனவே குறைவு. மேலும் மூடினால், மிஞ்சிய சிலவற்றின்மேல் அத்தனை வாகனங்களும் குவியும். மறுபக்கம், பாதைக்கு ஓர் ஆணை என்று போனால் சிறிய பூங்கா ஆணையம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த நடைமுறையை எளிதாக்குவதே உடனடித் தேவை.

ஸ்காட்லாந்திலும் இதே நிலையா?

இல்லை. அங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் மக்களுக்கு மிக விரிந்த அணுகுரிமையைத் தந்தது. மோட்டார் வாகனத்தை அதிலிருந்து விலக்கிவிட்டது. வேல்ஸ் பெரும்பாலும் இங்கிலாந்தின் சட்டங்களையே பின்பற்றுகிறது. தேதிகள் மட்டும் வேறு.

மின்சார மோட்டார் சைக்கிள் வந்துவிட்டால் சச்சரவு தீருமா?

சத்தம் குறையும், அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் மின்சார மோட்டார் சைக்கிளும் இயந்திரத்தால் இயங்கும் வாகனமே. பெட்ரோல் வண்டி போகக்கூடாத பாதையில் அதுவும் போகக்கூடாது. மிதிக்கும்போது மட்டும் உதவும், 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 15.5 மைலுக்கு மேல் உதவியை நிறுத்திவிடும் மின்மிதிவண்டி மட்டும் சைக்கிளாகக் கருதப்பட்டு, குதிரைப்பாதையிலும் செல்லலாம். பாட்டரியைச் சுமக்கும் மின்சார ஃபோர் வீல் டிரைவ் வாகனமோ அதே அளவுள்ள பெட்ரோல் வாகனத்தைவிடப் பொதுவாக எடை கூடியது. ஈரமண்ணில் அது இன்னும் ஆழமாகவே பதியும்.